போர்ட்ரேட் லென்ஸ் வாங்க முன்: எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

"85 வாங்கலாமா, 50 போதுமா?" என்று முகப்படம் எடுக்க லென்ஸ் தேடிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கமராவின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. (85, 50 என்பவை லென்ஸின் எம்.எம். எண்கள், எண் கூடக்கூடக் காட்சி ஒடுங்கி ஆள் கிட்டத் தெரிவார்.) எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறையிலா, பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மேடைக்குக் கீழேயா, சுதந்திர சதுக்கத்துப் புல்வெளியிலா, இல்லை செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறைக்குள்ளேயா? இதற்குப் பதில் வந்துவிட்டால் லென்ஸ் தெரிவில் பாதிக்கு மேல் முடிந்த மாதிரித்தான். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் பெரிய ஸ்டூடியோவும் அகலமான வெளியும் வைத்திருப்பவர்கள் சொன்னவை. 85 எடு, காசிருந்தால் 135 எடு, அபேச்சர், அதாவது லென்ஸின் துளை, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று முடித்துவிடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் 135ஐ மாட்டிக்கொண்டு முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்பவருக்கு அந்தப் புத்திமதியால் ஒரு பயனும் இல்லை.

முகமும் தூரமும்

அகல லென்ஸ் (சின்ன எண்) மூக்கைப் பெரிதாக்கும், டெலி லென்ஸ் (பெரிய எண்) முகத்தைத் தட்டையாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். விளைவு சரி, காரணம்தான் வேறு. முகத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது கமராவுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. ஒரே இடத்தில் நின்று 24 எம்.எம்.மில் ஒரு படம், 85 எம்.எம்.மில் ஒரு படம் எடுத்து, முதல் படத்தில் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு முகமும் ஒன்றாகவே இருக்கும். 24இல் மூக்கு பெருப்பது, முகம் பிரேமை நிரப்ப வேண்டும் என்பதற்காக நாம் கிட்டப் போய்விடுவதால்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்ரிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கமரா மூக்கிலிருந்து 50 சென்ரிமீட்டரில் இருந்தால் காது 62இல் இருக்கிறது, ஆகவே மூக்கு காதை விடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு பெரிதாக விழும். இதே முகத்தை 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஆறுதான். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியில் முகம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இல்லாமல் போவதற்குக் காரணம் இதுவே, போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கதைக்கிற தூரத்திலிருந்து, நாலைந்து எட்டு பின்னால் போகிற தூரம் வரை, அதாவது ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை, முகம் நாம் பழகிய முகமாக இருக்கும். ஒன்றரை மீட்டரை விடக் கிட்ட வராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. எட்டுப் பத்து மீட்டருக்கு அப்பால் போனால் முகம் கொஞ்சம் அகன்று தட்டையாகத் தெரியும். மெலிந்த முகத்துக்கு அது நன்றாகவே பொருந்தும், வட்ட முகக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு "நான் இவ்வளவு குண்டா?" என்று கேட்பார்.

ஆகவே தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், அந்தத் தூரத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய அளவு பிரேமைத் தருகிற எண் எதுவோ அதுதான் உங்கள் லென்ஸ்.

கணக்கு சின்னது. பிரேமுக்குள் வர வேண்டிய உயரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் எம்.எம். எண்ணால் பெருக்கி, சென்சரின் (கமராவுக்குள் படத்தைப் பதியும் தகட்டின்) நீளப் பக்கத்தால், அதுவும் எம்.எம்.மில், பிரியுங்கள், வருவதுதான் நீங்கள் நிற்க வேண்டிய தூரம். கமராவை நெடுக்காகப் பிடிக்கும்போது ஃபுல் பிரேம் என்ற பெரிய சென்சருக்கு அந்த நீளம் 36, ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சருக்கு 23.5, கெனன் ஏபிஎஸ்-சிக்கு 22 சொச்சம். தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 2 மீட்டர் என்று வைத்தால் ஃபுல் பிரேமில் 85க்கு 4.7 மீட்டர் பின்னால் போக வேண்டும், 50க்கு 2.8, 35க்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 135க்கு ஏழரை. தலையும் தோளும் மட்டும், அதாவது 60 சென்ரிமீட்டர் என்றால் 85க்கு 1.4 மீட்டர் போதும், 135க்கு 2.25, ஆனால் 50க்கு 83 சென்ரிமீட்டர். இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள், ஃபுல் பிரேமில் 50ஐ மாட்டி முகத்தை மட்டும் நிரப்பப் போனால் நீங்கள் அந்த ஒன்றரை மீட்டர் எல்லைக்குள் ஆழமாகப் போய்விடுகிறீர்கள். 50 போர்ட்ரேட்டுக்குக் கூடாது என்று சிலர் சொல்வது இதனால்தான், லென்ஸில் ஒரு குறையும் இல்லை, இடுப்பு வரை எடுத்தால் அது அருமையான லென்ஸ்.

இனி வெள்ளவத்தை முன்னறைக்கு வருவோம். அறையின் நீளப் பக்கம் பன்னிரண்டு அடி, ஏறக்குறைய 3.6 மீட்டர். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பின்னால் நிழல் விழும், ஆகவே ஒரு மீட்டர் முன்னால் கொண்டுவர வேண்டும். உங்கள் உடம்புக்கும் முழங்கைக்கும் அரை மீட்டர். மிஞ்சுவது 2.1 மீட்டர், அதுவும் சோபாவைத் தள்ளி வைத்த பிறகு. அந்த 2.1 மீட்டரில் ஃபுல் பிரேம் 85 தருவது 89 சென்ரிமீட்டர் உயரம், இடுப்பு வரை வரும். 50 ஒன்றரை மீட்டர் தரும், முழங்காலுக்குக் கீழ் வரை வந்துவிடும். ஏபிஎஸ்-சியில் 50 போட்டால் ஒரு மீட்டர், 35 போட்டால் 1.4 மீட்டர், 85 போட்டால் வெறும் 58 சென்ரிமீட்டர், தலையும் தோளும் தவிர வேறொன்றும் கிடைக்காது. அம்மம்மாவை நடுவில் இருத்திப் பேரப்பிள்ளைகளைச் சுற்றி நிறுத்துகிற படத்துக்கு அந்த 85 பைக்குள்தான் கிடக்கும்.

ஏபிஎஸ்-சி என்று சொன்னேன், அது விளங்காதவர்களுக்கு ஒரு வரி: ஆரம்ப நிலை கமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சர் ஃபுல் பிரேமை விடச் சிறியது, அதனால் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். நிக்கொன், சோனி, ஃபுஜி என்றால் எண்ணை 1.5ஆல் பெருக்குங்கள், கெனன் என்றால் 1.6ஆல். 50 போட்டால் 75 அல்லது 80 மாதிரி நடந்துகொள்ளும், 35 போட்டால் 50க்குச் சற்று மேல், 56 போட்டால் 85 மாதிரி.

என்னைக் கேட்டால், பெரும்பாலும் வீட்டுக்குள் எடுப்பவருக்கு ஏபிஎஸ்-சியில் 35, ஃபுல் பிரேமில் 50. பெரும்பாலும் வெளியே எடுப்பவருக்கு ஏபிஎஸ்-சியில் 50 அல்லது 56, ஃபுல் பிரேமில் 85. 35ஐ வைத்து முகம் எடுக்க வேண்டி வந்தால் கிட்டப் போகாதீர்கள், ஒன்றரை மீட்டரிலேயே நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். 24 மெகாபிக்சல் கமராவில் தலை தோள் அளவுக்கு வெட்டினாலும் எட்டு மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும், ஏ4 அளவில் பிரிண்ட் போட அது தாராளம். படத்தை வெட்டுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

இதெல்லாம் வாசித்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் காசு செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. கமராவோடு வந்த 18–55 லென்ஸின் ஸூம் வளையத்தை 35இல் வைத்து டேப் ஒட்டுங்கள், ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50இல். எந்த வாரத்தில் சுவரில் முட்டிக்கொண்டீர்கள், எந்த வாரத்தில் முகத்துக்குள் போய்விட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஏற்கனவே எடுத்து வைத்த படங்கள் கணினியில் இருந்தால் அவற்றின் விபரத்தைத் திறந்து எந்த எம்.எம்.மில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

மண்டபம், கடை, தெரு

கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே நிற்கும் இடத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, வீடியோக்காரரும் மாமிமாரும் ஐயரும்தான் தீர்மானிக்கிறார்கள். தாலி கட்டும் நேரம் இரண்டு எட்டு பின்னால் போகலாமா என்று பார்த்தால் பின்னால் பத்துப் போன்கள் உயர்ந்து நிற்கும். அப்படியான வேலைக்கு ஒற்றை எண் லென்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஃபுல் பிரேம் என்றால் 24–70 எஃப் 2.8 (எஃப் என்பது அபேச்சர் எண், எண் குறையக் குறையத் துளை பெரிது), ஏபிஎஸ்-சி என்றால் 17–50 எஃப் 2.8, சிக்மாவிலும் டம்ரொனிலும் பழையதாகக் கிடைக்கும். மேடைக்குக் கீழிருந்து முகபாவம் பிடிக்க 70–200 எஃப் 2.8 இருந்தால் சுகம், வாங்க முடியாவிட்டால் அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். குடும்பப் படம் எடுக்கும்போது 24இல் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகத் தெரிவார், அந்த ஓரத்தில் பருத்த உடம்புக்காரர் யாரையும் நிறுத்தாதீர்கள், இதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

இன்னொன்று, லென்ஸோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும் மண்டபத்தில் லென்ஸ் மேல் பழி விழுகிற விஷயம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ரியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை மின்னும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 செக்கன் என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கருமை விழலாம், நிறமும் படத்துக்குப் படம் மாறும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

செட்டியார் தெருப் பட்டறையிலோ புறக்கோட்டையில் ஒரு மசாலாக் கடையிலோ ஆளை அவருடைய வேலையோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் 85ஐ மறந்துவிடுங்கள். பின்னால் இருக்கிற தராசும் சாக்கும் சுவாமிப் படமும் சேர்ந்துதான் அந்த மனிதரின் படம், அவற்றை மங்கலாக்கினால் அவர் யாராகவும் இருக்கலாம். ஃபுல் பிரேமில் 35, ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24, எஃப் 4 அளவில் வைத்து எடுங்கள். இந்த வகைப் படத்தை 85ஐயும் பெரிய அபேச்சரையும் வைத்துக் கெடுக்கிறவர்கள் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கோயிலுக்குள் எடுப்பது லென்ஸ் கேள்வியாக வருமுன்னர் அனுமதிக் கேள்வி, பல கோயில்களில் உள்ளே கமரா எடுக்க விடமாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

அபேச்சர்

1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் போர்ட்ரேட்டுக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். அதன் அபேச்சர் எஃப் 3.6 அளவில் இருந்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். பின்னணியை மங்கலாக்குவதற்காக அவர் அதைச் செய்யவில்லை, வெளிச்சம் போதாமல் ஆட்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததுதான் அப்போதைய தலையிடி. இன்றைக்கும் எஃப் 1.8இன் முதல் வேலை அதுவே. கமராவோடு வரும் கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6தான் தரும், 50 எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை ஆறரைக்குப் பிறகு மரைன் டிரைவில் நின்று எடுப்பதற்கும், மின்விளக்கு வெளிச்சத்தில் குழந்தையின் பிறந்தநாள் எடுப்பதற்கும் இந்தப் பத்து மடங்கு பெரிய விஷயம். ஸ்ரெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரே நிற்பவர் அசைவதைப் பிடிக்காது. மின்னுகிற விளக்குக்காக முன்னர் சொன்ன 1/100, 1/50 தவிர, பெரியவர்களுக்கு 1/125, குழந்தைகளுக்கு 1/250 என்பதற்குக் கீழே போகாதீர்கள்.

மங்கல் பின்னணி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். முகம் பிரேமில் ஒரே அளவாக இருந்து பின்னணி வெகுதூரத்தில் இருந்தால், மங்கலின் அளவு லென்ஸின் துளை விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் என்பது எம்.எம். எண்ணை எஃப் எண்ணால் பிரிக்க வருவது. 50 எஃப் 1.8க்கு 28 எம்.எம்., 85 எஃப் 1.8க்கு 47. இப்போது அலுமாரியில் தூசு பிடித்துக் கிடக்கிற அந்த மலிவான டெலி ஸூமை எடுங்கள். 55–200 என்றால் 200இல் எஃப் 5.6, விட்டம் 36. 55–250 என்றால் 250இல் கிட்டத்தட்ட 45. அதாவது நீங்கள் வாங்க நினைக்கிற 50 எஃப் 1.8ஐ விட, கையிலிருக்கிற ஸூம் வெளியே அதிக மங்கலைத் தரும்! சுதந்திர சதுக்கத்திலும் விகாரமகாதேவி பூங்காவிலும் காலிமுகத்திடலிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை, மர நிழலில் வெளிச்சமும் போதும். விலை இல்லாமல் இல்லை: 250இல் தலை தோள் எடுக்க ஆறேழு மீட்டர் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து "நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ" என்று சொல்லக் கத்த வேண்டும், ஷட்டரும் 1/400க்குக் குறையக் கூடாது. 135 அளவில் நின்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் கிடைக்கும். வெளியே மட்டும் எடுக்கிறவர் புது லென்ஸ் வாங்க முன் இரண்டு மூன்று மாலை இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அதே நேரம், பின்னணி ஒரு மீட்டருக்குள் சுவராக இருந்தால் எந்த விலைக்கு வாங்கிய லென்ஸும் அதைக் கரைத்துவிடாது. ஆளை முன்னால் கொண்டு வாருங்கள், செலவில்லாத வழி அதுதான்.

எஃப் 1.8ஐ முழுவதும் திறந்து முகத்தை எடுப்பதில் ஒரு பொறி உண்டு. ஃபுல் பிரேமில் 85ஐ எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டரில் நின்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தம் மூன்று சென்ரிமீட்டர் சொச்சம். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் கிட்டக் கண் கூர்மை, மற்றக் கண் பஞ்சு. எஃப் 2.8இல் ஐந்து சென்ரிமீட்டர், எஃப் 4இல் ஏழரை. ஒருவரை எடுக்க எஃப் 2 முதல் 2.8, இருவர் என்றால் எஃப் 4, குடும்பம் என்றால் எஃப் 5.6க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் பிழைக்கலாம். எஃப் 1.4க்கும் 1.2க்கும் மேலதிகமாகக் கொடுக்கிற காசைப் பற்றி அதனால் இரண்டு தடவை யோசியுங்கள், பெரும்பாலானவர்கள் அதை வாங்கிவிட்டு எஃப் 2.8இல்தான் எடுக்கிறார்கள். உள்ளே ஆடி இல்லாத புதிய மிரர்லெஸ் கமராக்கள் கண்ணைத் தாமே கண்டுபிடித்துப் போகஸ் செய்யும். ஆடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆரில் போகஸ் புள்ளியை நீங்களே கண்ணின் மேல் நகர்த்துங்கள், நடுப்புள்ளியில் போகஸ் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புகிற பழக்கம் எஃப் 1.8இல் சரிவராது.

பகலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொட்டும் வெயிலில் ஐஎஸ்ஓவை (சென்சரின் ஒளி உணர்திறனை) 100இல் வைத்து எஃப் 1.8 வைத்தால் ஷட்டர் 1/8000க்குப் போக வேண்டும், ஆரம்ப நிலை கமராக்கள் பல 1/4000இல் நின்றுவிடும், படம் வெளுத்துப் போகும். எஃப் 2.8 என்றால் 1/3200, அது சரி. எப்படியும் நண்பகலில் கொழும்பு வெயிலில் முகம் எடுப்பது வீண் வேலை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும், கண்குழி இரண்டும் கறுத்துப் போகும், அதைத் திருத்துகிற லென்ஸ் இன்னும் வரவில்லை. ஒரு தாழ்வாரத்துக்குள்ளோ, வாசலில் நிலைக்கு உள்ளே ஓரடி தள்ளியோ ஆளை நிறுத்துங்கள், வெளிச்சம் முன்னாலிருந்து மெதுவாக வரும்.

கூர்மையைப் பற்றியும் ஒரு சொல். லென்ஸ் விமர்சனங்களில் மூலைக் கூர்மையை நூறு மடங்கு பெருப்பித்துக் காட்டுவார்கள். போர்ட்ரேட்டில் மூலையில் என்ன இருக்கிறது? 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமான பிரித்தானியப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கிரட் கமெரனின் முகப்படங்கள் மென்மையான போகஸுக்காக அவருடைய காலத்திலேயே திட்டு வாங்கியவை, இன்றைக்கும் உலகம் அவற்றைத்தான் பார்க்கிறது. சராசரி 50 எஃப் 1.8கூட எஃப் 2.8இல் தோலின் ஒவ்வொரு துவாரத்தையும் காட்டிவிடும், படத்தில் இருக்கிறவருக்கு அதில் பெரிய சந்தோசம் எதுவும் கிடையாது.

எந்தக் கமராவுக்கு எது

கெனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்கலாம், 2015இல் வந்தது. அதற்கு முந்திய பதிப்பும் பழைய சந்தையில் நிறைய உண்டு, ஆனால் அதன் அபேச்சரில் ஐந்து இதழ்கள்தான், பின்னணி விளக்குகள் ஐங்கோணமாக விழும், போகஸ் சத்தமும் அதிகம். விலை வித்தியாசம் சின்னதென்றால் எஸ்டிஎம்முக்கே போங்கள். 85 எஃப் 1.8 பழைய வடிவம், 1992 காலத்தது, இன்றும் முகத்துக்கு நன்றாக இருக்கும், வெள்ளை வேட்டி சட்டையின் ஓரத்தில் முழுத் திறப்பில் ஊதா நிறக் கசிவு வரும், எஃப் 2.8க்கு இறக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும். கெனன் டிஎஸ்எல்ஆருக்கான இந்த ஈஎஃப் லென்ஸ்கள் அடப்டர் போட்டால் கெனனின் புதிய ஆர்எஃப் மிரர்லெஸ் கமராக்களிலும் போகஸோடு சரியாக வேலை செய்யும். ஈஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பவை ஏபிஎஸ்-சிக்கானவை, ஃபுல் பிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது.

நிக்கொனில் ஒரு முக்கியமான விஷயம், இதைத் தெரியாமல் வாங்கி முழிப்பவர்கள் அதிகம். டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலில் போகஸ் மோட்டார் இல்லை. 50 எஃப் 1.8டி, 85 எஃப் 1.8டி மாதிரியான பழைய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும், மாட்டவும் செய்யும், ஆனால் போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்-எஸ் 35 எஃப் 1.8ஜி டிஎக்ஸ் (டிஎக்ஸ் என்பது நிக்கொனின் ஏபிஎஸ்-சி) வீட்டுக்குள் எடுப்பவருக்கு நல்ல முதல் லென்ஸ்.

சோனி ஃபுல் பிரேமில் 85 எஃப் 1.8 கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது, 50 எஃப் 1.8இன் போகஸ் மட்டும் மெதுவானது, ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் அது போகாது. ஏபிஎஸ்-சி சோனி, ஃபுஜிக்காரர்கள் சிக்மா 56 எஃப் 1.4ஐப் பார்க்கலாம், வில்ட்ரொக்ஸ் 56 எஃப் 1.4 அதைவிட மலிவு.

கையால் போகஸ் செய்யப் பொறுமையிருந்தால் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 எஃப் 2. இலைகள் நிறைந்த பின்னணியைச் சுழற்றிவிடும் குணம் அதற்கு உண்டு. நிக்கொன் டிஎஸ்எல்ஆரில் சாதாரண அடப்டரோடு தூரத்துப் போகஸ் கிடைக்காது, முகம் எடுக்கிற தூரத்துக்கு அதனால் நட்டமில்லை. எல்லாப் படத்திலும் அந்தச் சுழல் இருந்தால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழையது வாங்கும்போது

2022இல் ரூபாய் விழுந்த பிறகு புது லென்ஸ் விலை பலருக்கு எட்டாமல் போய்விட்டது, ஆகவே பழைய சந்தை பெரிதாகியிருக்கிறது. இக்மன் இணையத்தள விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள், ஆட்கள் நடமாடுகிற ஓர் இடத்தில் நேரில் சந்தியுங்கள், உங்கள் கமராவையும் கார்டையும் கொண்டு போங்கள். புதிதாக வாங்கினாலும் கொம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

கொழும்பில் பழைய லென்ஸின் முதல் எதிரி பூஞ்சணம். கடல் ஈரம் வருடம் முழுக்க இருக்கிறது, அலுமாரிக்குள் தோல் பைக்குள் வைத்த லென்ஸில் அது சுகமாக வளரும். பார்க்கிற முறை இது: இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபேச்சரை முழுதாகத் திறந்து, போன் லைட்டைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சணம். பால் ஊற்றியது போல மூடாப்பாக இருந்தால் அதைவிட மோசம், விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று தூசுத் துணிக்கைகள் ஒன்றும் செய்யாது, முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலும் அப்படித்தான், ஆனால் பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்தில் தெரியும். பூஞ்சணத்தைத் துடைத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு, கண்ணாடியின் பூச்சை அது தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

அடுத்ததாக எஃப் 8 வைத்து இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா பாருங்கள், எண்ணெய் படிந்திருந்தால் மெதுவாக நகரும். விற்பவரையே நிற்க வைத்து, முழுத் திறப்பில் கிட்டக் கண்ணில் போகஸ் பிடித்து ஐந்தாறு படம் எடுத்து, திரையில் பெருப்பித்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக இருந்தால் லென்ஸும் கமராவும் ஒத்துப்போகவில்லை. டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில், அதாவது பின் திரையைப் பார்த்து, மறுபடி எடுத்துப் பாருங்கள், அதில் சரியாக வந்தால் திருத்தக்கூடியது, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி, இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும், மேலே போனால் ஜெல்லைக் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். நாலைந்து லென்ஸ் சேர்ந்துவிட்டால் டிரை கபினெட் (ஈரத்தைத் தானே குறைக்கும் அலுமாரி) வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். காலிமுகத்திடலிலோ மரைன் டிரைவிலோ எடுத்துவிட்டு வந்தால் உப்புப் படிந்திருக்கும், அன்றைக்கே மென்மையான துணியால் துடையுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்த உடனே மூடியைத் திறந்தால் கண்ணாடி பனி பிடித்துவிடும், கமராவைப் பைக்குள்ளேயே இருபது நிமிடம் விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை பொம்பிளையை அதுவரை ஐஸ்கிறீம் சாப்பிட அனுப்பலாம்.